பெட்ரோல் பங்கில் சுயசேவை: காரைக்கால் எல்லையில் நின்று ஒரு கணக்கு

பொறையாற்றிலிருந்து தெற்கே வரும் சாலை நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஆட்சி மாறிவிடுகிறது. பாலத்துக்கு வடக்கே தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே பூவம், கோட்டுச்சேரி, காரைக்கால் நகரம் என்று புதுச்சேரி யூனியன் பிரதேசம். வாஞ்சூர் கடந்து நாகூர் வந்தால் மறுபடி தமிழ்நாடு. 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோது இந்த எல்லையின் சுங்கக் காவல் போயிற்று, ஆனால் வரி வேறுபாடு போகவில்லை. பெட்ரோலும் டீசலும் இன்றுவரை சரக்கு சேவை வரிக்குள் வராததால், மத்திய அரசின் கலால் வரிக்கு மேல் ஒவ்வொரு அரசும் தனக்கேற்ற வாட் வரியைப் போட்டுக்கொள்கிறது. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். புதுச்சேரியில் அந்த லிட்டர் கணக்கு வரி கிடையாது. 2021 நவம்பரில் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தபோது புதுச்சேரி அரசு தன் பங்குக்கு லிட்டருக்கு 7 ரூபாய் குறைத்தது. 2025 ஜனவரியில் வாட் வரியை இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்த்திய பிறகும் பாலத்தின் இரு கரைகளுக்கும் இடையே விலை சமமாகவில்லை. அதனால்தான் பக்கத்து மாவட்டத்து வண்டிகள் டேங்கை நிரப்பிக்கொள்ள இந்தப் பக்கம் வருகின்றன, எல்லையை ஒட்டிய பங்குகளில் வரிசை நிற்கிறது.

அந்த வரிசையில் நிற்கும் எவரும் நாசிலைத் தொடுவதில்லை. டேங்க் மூடியைத் திறந்து, எத்தனை ரூபாய்க்கு என்று சொல்லிவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் மலேசியாவிலும் வண்டிக்காரரே இறங்கி, தானே போட்டுக்கொண்டு, தானே பணம் கட்டிவிட்டுப் போகிறார். அங்கே போய் வந்தவர்களும், ஆள் கூலி ஏறுகிறது என்று கவலைப்படும் பங்க் உரிமையாளர்களும், இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்பதுண்டு. மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: விலை குறையும், வரிசை வேகமாக நகரும், அளவில் ஏமாற்று நிற்கும். மூன்றையும் சோதித்துப் பார்த்தால், சுயசேவை வெற்றி பெற்ற ஊர்களில் அதைத் தாங்கிய நிலைமைகள் ஒன்றுகூட இங்கே இல்லை என்பது என் முடிவு. இன்று ஊழியர் நிற்கும் விதம் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. சுயசேவைக்காரர்கள் சுட்டும் குறைகளில் இரண்டு மெய்யானவை. அவற்றுக்கு மருந்து வேறிடத்தில் இருக்கிறது.

விலையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சுயசேவையே விலையிலிருந்து பிறந்ததுதான். 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிராங்க் யூரிச் என்பவர் தானே போட்டுக்கொள்ளும் பங்கைத் திறந்து காலனுக்கு 5 சென்ட் மிச்சம் என்று விளம்பரம் செய்தார். 1949இல் நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் இர்விங் ரைங்கோல்ட் 24 பம்புகளோடு அப்படியொரு பங்கை நடத்தி, மற்றவர்கள் 21.9 சென்டுக்கு விற்றதை 18.9 சென்டுக்குக் கொடுத்தார். போட்டியாளர்கள் சட்டமன்றத்தை நாடினார்கள். அதே ஆண்டு நியூஜெர்சி சுயசேவையைத் தடை செய்தது. சட்டத்தில் எழுதப்பட்ட காரணம் தீ அபாயம். 1951இல் ஓரிகன் மாநிலமும் தடை போட்டது. மற்ற மாநிலங்களில் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சுயசேவை பரவி, ஊழியர் போடும் முறை கிட்டத்தட்ட மறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது அந்த மூன்று சென்ட். அது விலையில் ஏழில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய இடைவெளியைக் கடைக்காரர் உண்டாக்க முடிந்ததற்குக் காரணங்கள் இரண்டு: அங்கே ஆள் கூலி அதிகம், விலையை வைக்கும் அதிகாரம் கடைக்காரர் கையில் இருந்தது.

கோட்டுச்சேரியில் பங்க் நடத்துபவருக்கு அந்த அதிகாரம் இல்லை. இந்தியன் ஆயிலோ பாரத் பெட்ரோலியமோ இந்துஸ்தான் பெட்ரோலியமோ குறிக்கும் விலைதான் விலை. 2017 ஜூன் 16 முதல் அது நாள்தோறும் திருத்தக்கூடியது, ஆனால் திருத்துவது நிறுவனம். உரிமையாளருக்குக் கிடைப்பது கமிஷன் மட்டுமே. 2024 அக்டோபர் கடைசியில் உயர்த்தப்பட்ட பிறகு அது பெட்ரோலுக்கு லிட்டருக்கு நான்கு ரூபாய்க்குச் சற்று மேல், டீசலுக்கு மூன்று ரூபாய் அளவில் நிற்கிறது. மின்சாரம், கூலி, ஆவியாகும் இழப்பு, வங்கி வட்டி எல்லாம் அதற்குள். இதில் ஊழியரின் பங்கு எவ்வளவு என்று கணக்குக்காக ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மணிக்கு 40 இருசக்கர வண்டிகளுக்கு, வண்டிக்கு இரண்டு லிட்டர் வீதம் போடுகிறார். கூலி மணிக்கு 60 ரூபாய். 80 லிட்டருக்கு 60 ரூபாய் என்றால் லிட்டருக்கு 75 காசு. ஹாக்கன்சாக்கில் ஏழில் ஒரு பங்காக இருந்த மிச்சம் இங்கே நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அந்த 75 காசும் வாடிக்கையாளரிடம் வந்து சேர வழியில்லை, ஏனென்றால் நிறுவனம் குறித்த விலைக்குக் கீழே உரிமையாளர் தன் விருப்பப்படி விற்க முடியாது. ஊழியரை அனுப்பிவிட்டால் மிச்சம் உரிமையாளரிடமோ நிறுவனத்திடமோ தங்கும், வேலை மட்டும் வண்டிக்காரர் தலையில் விழும்.

ஊழியர் இருந்தால் விலை ஏறும், இல்லாவிட்டால் இறங்கும் என்ற நினைப்பை நியூஜெர்சியே பல ஆண்டுகள் பொய்யாக்கியது. சுயசேவைத் தடை இருந்தும், சுற்றியுள்ள மாநிலங்களைவிட அங்கே பெட்ரோல் மலிவாக இருந்தது. பக்கத்து மாநிலத்துக்காரர்கள் பாலம் கடந்து வந்து போட்டுக்கொண்டார்கள். காரணம் குறைந்த வரி. 2016 நவம்பரில் மாநில வரி காலனுக்கு 23 சென்ட் ஏறியதும் அந்தச் சலுகை சுருங்கியது. நண்டலாற்றுப் பாலத்தில் நடப்பதும் இதேதான். காரைக்காலில் மலிவு என்பது வரி செய்த வேலை. அந்த வேறுபாட்டுக்கு முன் ஊழியரின் 75 காசு தூசு.

எல்லை ஊருக்கு இன்னொரு பாடம் சிங்கப்பூர், ஜொகூர் பக்கமிருந்து கிடைக்கிறது. மலேசியாவில் பெட்ரோல் மலிவு, சிங்கப்பூரில் விலை அதிகம். எல்லை கடந்து போய் நிரப்பி வருவதைத் தடுக்கச் சிங்கப்பூர் அரசு 1989இல், வெளியே போகும் காரில் அரை டேங்காவது இருக்க வேண்டும் என்றது. 1991இல் அதை முக்கால் டேங்காக்கியது. மலேசிய அரசும் தன் மானிய விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்குப் போடக்கூடாது என்று விதித்திருக்கிறது. ஆனால் அங்கே பங்குகள் சுயசேவை. சிங்கப்பூர் எண் பலகையோடு வந்து ரான் 95க்குரிய மஞ்சள் நாசிலை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறவர்களின் படங்கள் அடிக்கடி வெளியாகின்றன, பழி பங்க் நடத்துபவர் மேல் விழுகிறது. விதி இருந்தும் அதை நடத்திக் காட்ட ஆள் இல்லாத நிலை இது. நம் எல்லையில் வெளி வண்டிக்குத் தடை ஏதும் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் பெட்ரோல் பற்றிய வேறு பல விதிகள் இருக்கின்றன, அவற்றைக் கடைசிமுனையில் காப்பவர் நாசில் பிடித்திருப்பவர்தான். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்ரோலுக்கு 30 லிட்டர் என்ற வரம்பு உண்டு. குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் கேட்பவருக்கு இல்லை என்று சொல்வதும், கடலோரக் குப்பத்திலிருந்து கேனோடு டீசலுக்கு வருபவருக்குக் கொடுப்பதும் ஒரே மனிதரின் நிதானத்தில் நடக்கின்றன. படகுக்கு டீசல் இல்லாவிட்டால் கோட்டுச்சேரிமேட்டு மீனவக் குடும்பத்துக்கு அன்றைய பிழைப்பு இல்லை. பாட்டில் பெட்ரோலோ வேறு காரியத்துக்குப் போகலாம். இந்த வேறுபாட்டை எந்திரம் அறியாது. 2022இல் இலங்கையில் எரிபொருள் அற்றுப்போனபோது, ஜூலையில் வந்த கியூஆர் அட்டை முறையும் பம்பில் நின்ற ஊழியர் ஒவ்வொரு வண்டியாகச் சரிபார்த்ததால்தான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது வாதம் வேகம். இதற்குப் பதில் சாலையில் ஓடும் வண்டிகளிலேயே இருக்கிறது. நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டிகளுக்குப் போகிறது என்று, மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழுள்ள திட்டமிடல் பிரிவுக்காக நீல்சன் நிறுவனம் செய்து 2014இல் வெளியான ஆய்வு கண்டது. சுயசேவை காருக்காக உருவான ஏற்பாடு. காரில் டேங்கின் வாய் பக்கவாட்டில் இருக்கிறது, குழாய் ஆழமாகப் போகிறது, நிரம்பியதும் நாசில் தானே நின்றுவிடுகிறது. பைக்கின் டேங்க் ஆழமில்லாதது. அதன் வாயில் நாசிலை முழுவதும் நுழைக்க முடியாது, தானே நிற்கும் அமைப்பை நம்பவும் முடியாது. கீழே எஞ்சின் சூடாக இருக்கிறது. ஊழியர் ஒரு கையால் நாசிலை லேசாகப் பிடித்து, கண்ணால் பெட்ரோல் ஏறுவதைப் பார்த்து, சரியான நொடியில் விடுகிறார். நாளுக்கு நூறு முறை செய்பவருக்கு வரும் பக்குவம் அது. சுயசேவையில் அதே வண்டிக்காரர் ஸ்டாண்ட் போட்டு இறங்கி, பின்னால் இருப்பவரை இறக்கி, கேரியரில் உள்ள மூட்டையைச் சரிசெய்து, எந்திரத்தில் தொகையை அழுத்தி, பணம் கட்டி, போட்டு முடித்து மறுபடி ஏற வேண்டும். நூறு ரூபாய்க்குப் போடுபவர்கள் நிறைந்த வரிசையில் இது வேகத்தைக் கூட்டும் என்று நம்ப இடமில்லை. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வரும் மாற்றுத்திறனாளி இறங்கவே முடியாது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி கேட்டால் ஊழியர் வந்து போட்டுத்தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஒரே ஊழியர் இருக்கும் பங்குக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. சுயசேவை பரவப் பரவ ஒரே ஊழியர் பங்குகள்தான் பெருகும்.

தீ அபாயத்தை இங்கே பெரிதாக்க நான் விரும்பவில்லை. கார் இருக்கைக்குப் போய்த் திரும்பி வந்து நாசிலைத் தொட்டதால் உடலின் நிலைமின்சாரத்தில் தீப்பிடித்த நிகழ்வுகளை அமெரிக்கப் பெட்ரோலிய உபகரண நிறுவனம் நூற்றுக்கும் மேல் பதிவு செய்திருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான முறை போடுவதில் அது மிகச் சிறிய பங்கு. 1998இல் சுயசேவையை அனுமதித்த ஜப்பான், கண்காணிப்பு அறையிலிருந்து ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பம்ப் ஓடும் என்று விதித்து அபாயத்தைச் சமாளித்தது. நியூஜெர்சி சட்டத்தில் தீ ஒரு சாக்கு. அந்தச் சாக்கை நாம் கடன் வாங்கத் தேவையில்லை.

மூன்றாவது வாதம்தான் மக்கள் மனத்தில் ஆழமாக இருப்பது. ஊழியர் ஏமாற்றுகிறார், அதனால் நாமே போட்டுக்கொண்டால் நல்லது என்ற எண்ணம். “ஜீரோ பாத்துக்குங்க” என்று பங்கில் சொல்வதே இந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வந்த வழக்கம். கைவேலைகள் உண்டு என்பதை மறுக்க முடியாது: முந்தைய வண்டியின் கணக்கை அழிக்காமல் தொடர்வது, ஐந்நூறுக்குக் கேட்டால் இருநூறில் நிறுத்திவிட்டுப் பேச்சுக் கொடுத்து மீண்டும் இருநூறிலிருந்து தொடங்குவதுபோல் காட்டுவது. ஆனால் பெரிய திருட்டு கையில் நடப்பதில்லை. 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப்பிரதேசச் சிறப்புக் காவல்படை பங்குகளைச் சோதித்தபோது, பம்புக்குள் மறைத்த சின்னச் சிப்புகளும் அவற்றை இயக்கும் ரிமோட்டுகளும் அகப்பட்டன. மீட்டர் சரியான எண்ணைக் காட்டும், குழாயில் வருவது குறையும். இப்படிப்பட்ட பம்பில் வாடிக்கையாளரே நாசிலைப் பிடித்தாலும் அதே அளவுதான் குறையும். ஏமாந்தது தன் கையால் என்பதுதான் வேறுபாடு. நூறுக்குப் போடாமல் நூற்றுப்பத்துக்குப் போட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையும் இதன்முன் நிற்காது. அளவுக் கணக்கையே மாற்றும் சிப்பு, கேட்ட தொகை முழு எண்ணா உதிரி எண்ணா என்று பார்ப்பதில்லை.

அளவுக்கு உண்மையான காவல் வேறு. சட்டமுறை எடையளவுத் துறை ஆண்டுதோறும் பம்பைச் சோதித்து முத்திரையிட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும், கேட்கும் வாடிக்கையாளர் முன் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறைந்தால் பம்பில் கோளாறு என்று பொருள். கலப்படச் சந்தேகத்துக்கு வடிதாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் உண்டு. இந்த உரிமைகள் எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை ஒழுங்கு விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. நூறு ரூபாய்க்குப் போடுபவர் 5 லிட்டர் பாத்திரத்தைக் கேட்கத் தயங்குகிறார், பின்னால் வரிசை நிற்கிறது, ஊழியரும் முகம் சுளிக்கிறார். இந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியது துறையின் வேலை. பாத்திரம் அலமாரிக்குள் இல்லாமல் பம்புக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், தினமும் காலையில் செய்த சோதனையின் முடிவைப் பலகையில் எழுத வேண்டும். சுயசேவை மக்களுக்குத் தருவதாகச் சொல்லும் நிம்மதி, கணக்கு தன் கண்ணெதிரே நடக்கிறது என்பதுதான். அதை ஊழியரை வைத்துக்கொண்டே தரலாம். பாரத் பெட்ரோலியத்தின் ‘யூஃபில்’ முறையில் வாடிக்கையாளர் தன் கைபேசியில் தொகையைக் கட்டி விடுகிறார், அந்தத் தொகைக்கு மட்டும் பம்ப் ஓடுகிறது. நாசிலைப் பிடிப்பது ஊழியர்தான். இருநூறில் நிறுத்தும் கைவேலைக்கு அதில் இடமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வாடிக்கையாளர் பக்கத்து நியாயம். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் ஊழியரின் பக்கத்திலிருந்து வருகிறது. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. 2020 ஏப்ரலில் நாடு முழுதும் வந்த பி.எஸ்.-6 தரம் அதை ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினாலும், முற்றிலும் நீக்கவில்லை. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்திய பொருள் அது. டேங்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் உள்ளே போகும்போது, அதே அளவு ஆவி நிறைந்த காற்று வெளியே வருகிறது. அந்த வாயருகே முகம் வைத்துக் குனிந்து நிற்பவர் ஊழியர். சுயசேவையில் இந்த ஆவி பல்லாயிரம் பேருக்குச் சிறுசிறு துளியாகப் பிரிகிறது: வாரத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிடம். ஊழியருக்கோ ஒரு ஷிப்ட் முழுவதும், வருடக்கணக்கில். வெறுமனே வேலையைக் காப்பாற்றினோம் என்று சொல்லிவிட்டு இதைக் கடந்து போவது நேர்மையாகாது. ஊழியர் முறைக்காகப் பேசும் நான் இதற்குப் பதில் சொல்லக் கடன்பட்டவன்.

வேலையை நீக்காமல் ஆவியை நீக்க முடியும் என்பதே என் பதில். டேங்கிலிருந்து வெளிவரும் ஆவியை நாசிலிலேயே உறிஞ்சி, நிலத்தடித் தொட்டிக்குத் திருப்பியனுப்பும் அமைப்பு பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியா, சுயசேவை நடக்கும் இடம்தான், வாடிக்கையாளரையும் சுற்றுப்புறத்தையும் காக்க அதைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கொரு இரத்தப் பரிசோதனை, துணி நனைந்தால் உடனே மாற்றச் சீருடை, கைகழுவ நீர், நிழல் ஆகியவை பெரிய செலவு பிடிக்காதவை. தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் நாசில் பிடிப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். கருவுற்றிருக்கும் காலத்தில் பம்பை விட்டுப் பணம் வாங்கும் இடத்துக்கு மாற்றித்தருவது விதியாக இருக்க வேண்டியது, உரிமையாளரின் மனத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

இந்த வேலையே வீண், சட்டமோ பழக்கமோ தாங்கிப் பிடிக்கும் செயற்கை வேலை என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவிலும், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுயசேவையைத் தடை செய்த பிரேசிலிலும் இதே குற்றச்சாட்டு உண்டு. மனித உழைப்பை மிச்சப்படுத்தினால் அது வேறு நல்ல வேலைக்குப் போகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அந்த வேறு வேலை இருக்கும் ஊரில் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன். 2024இல் கமிஷனை உயர்த்தியபோது மத்திய அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி, நாட்டின் பங்குகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் வேலை செய்வதாகச் சொன்னார். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு, நெல் வயலில் வேலையில்லாத மாதங்களிலும் சம்பளம் வரும் இடம் இது. தமிழ்நாடு சிறைத்துறை இந்தியன் ஆயிலோடு சேர்ந்து நடத்தும் பங்குகளில் கைதிகள் வேலை செய்கிறார்கள். 2023இல் புழலில் பெண் கைதிகளுக்கென்றே ஒன்று திறக்கப்பட்டது. வெளியுலகத்தோடு மறுபடி பழக ஒரு துறை இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது, அதில் கணக்கும் பொறுப்பும் மனிதரோடு பேசும் பழக்கமும் இருப்பதால்தான். இந்த வேலையில் வீண் என்று ஏதாவது இருந்தால் அது கூலியின் குறைவு. 2017இல் கமிஷன் உயர்ந்தபோது, அதில் ஒரு பகுதி ஊழியர் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை பெரும் தகராறானது. அந்த நிபந்தனை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

விருப்பப்பட்டவர் தானே போட்டுக்கொள்ளட்டும், மற்றவருக்கு ஊழியர் போடட்டும், இரண்டும் இருக்கலாமே என்பது கடைசியாக வரும் கேள்வி. 72 ஆண்டுத் தடையை 2023 ஆகஸ்டில் நீக்கிய ஓரிகன் இப்படித்தான் செய்தது: பாதிப் பம்புகளுக்கு மேல் சுயசேவை கூடாது, இரண்டுக்கும் விலை ஒன்றே. கலந்து வைக்கும் ஏற்பாடுகளில் இதைவிட நேர்மையானதை நான் காணவில்லை. ஆனால் விலை ஒன்றே என்றால் வாடிக்கையாளருக்கு இறங்கிப் போட்டுக்கொள்வதில் லாபம் என்ன? அவசரம் மட்டும். தேசிய நெடுஞ்சாலை 32இல் போகும் காருக்கு ஒரு வரிசை அப்படி விட்டால் பெரிய கேடு வராது. மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஏற்கெனவே சுயசேவைதான். அங்கே ஆவியும் இல்லை, சிந்துவதும் இல்லை, முக்கால் மணி நேரம் ஒருவர் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. பெட்ரோல் இருக்கும்வரை இருசக்கர வண்டி வரிசைக்கு ஊழியர் வேண்டும்.

காரைக்காலுக்கென்று தனியாக ஒரு குறை இருக்கிறது. ஆவி உறிஞ்சும் அமைப்பு எங்கே வேண்டும் என்பதை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டல் நகரத்தின் மக்கள்தொகையையும் மாத விற்பனையையும் சேர்த்து வைத்து முடிவு செய்கிறது. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டம் முழுவதற்கும் இரண்டு லட்சம் பேர். காரைக்கால் நகராட்சியில் ஒரு லட்சம்கூட இல்லை. ஆனால் எல்லைப் பங்கில் பெட்ரோல் போடுகிறவர்கள் அந்தக் கணக்கில் வருபவர்கள் மட்டுமல்லர். பொறையாறும் தரங்கம்பாடியும் நாகூரும் அங்கே வந்து நிற்கின்றன. வரி வேறுபாட்டால் கூடும் விற்பனையில் அரசுக்கு வருமானம் வருகிறது, அதே விற்பனையின் ஆவியை மூச்சில் வாங்குபவர் கோட்டுச்சேரிப் பம்பில் நிற்கும் ஊழியர். புதுச்சேரி அரசும் எண்ணெய் நிறுவனங்களும் மக்கள்தொகை வரம்பை விட்டுவிட்டு, பங்கின் விற்பனை அளவை மட்டும் வைத்து எல்லைப் பங்குகளுக்கு அந்த நாசிலைப் பொருத்தலாம். நண்டலாற்றுக்கும் வாஞ்சூருக்கும் நடுவே விரல்விட்டு எண்ணும் பங்குகளிலிருந்தே தொடங்க முடியும்.